லேயர் எங்கயோ போய் நிக்குதா? எவ்ளோ தள்ளி நிக்குதுன்னு பாருங்க, தப்பு தானா தெரியும்

"அண்ணா, கோட்டைய காணோம்ணா."

காட்பாடில இருந்து ஒரு தம்பி போன் பண்ணி எடுத்த எடுப்புல இதத்தான் சொன்னான். காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு வேலூர் கோட்டை, காட்பாடி ஜங்ஷன், ரத்தினகிரி, வள்ளிமலைன்னு ஒரு இருபது இடத்த எக்ஸெல்ல அடிச்சு, கியூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேர்ல ஒரு லேயரா, அதாவது மேப் மேல விரிக்கற ஒரு படலமா, ஏத்தியிருக்கான், ஏத்திட்டு பாத்தா ஊர்ல ஒரு புள்ளி கூட இல்ல. "லேயர் மேல ரைட் கிளிக் பண்ணி ஜூம் டு லேயர் குடு, எங்க கூட்டிட்டு போகுதுன்னு சொல்லு"ன்னேன். குடுத்தான். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "நார்வேக்கு மேல ஏதோ ஐஸ் தீவு வருதுணா"ன்னான்.

அந்த ஒரு பதில்லயே வியாதி புரிஞ்சிடுச்சு. நெறைய பேரு லேயர் உக்காரலன்னா உடனே சாஃப்ட்வேர்ல இருக்கற பட்டன் எல்லாத்தையும் வரிசையா அமுக்கி பாக்கறாங்க, அது கடைசில இருந்த தப்போட இன்னும் நாலு தப்ப சேத்து விட்டுடும். பட்டன தொடறதுக்கு முன்னாடி லேயர் எவ்ளோ தூரம், எந்தப் பக்கம் தள்ளி நிக்குதுன்னு பாருங்க. ஆயிரக்கணக்கான கிலோமீட்டரா, நாப்பது கிலோமீட்டரா, எரநூறு மீட்டரா, நாலு மீட்டரா, ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை, உங்க ஊரு நம்பர மனப்பாடம் பண்ணிக்கங்க. வேலூருக்கு டிகிரில சொன்னா லேட்டிட்யூட் 12.92, லாங்கிட்யூட் 79.13. இது ஜிபிஎஸ் பயன்படுத்தற டபிள்யூஜிஎஸ் 84 முறை, இபிஎஸ்ஜி நம்பர், அதாவது அந்த முறையோட அடையாள எண், 4326. அதே இடம் மீட்டர்ல அளக்கற யூடிஎம் முறைல, 44 வடக்கு ஜோன்ல, அதாவது 32644-ல, ஈஸ்ட்டிங் (கிழக்கு அளவு) சுமார் 2,97,000 மீட்டர், நார்த்திங் (வடக்கு அளவு) சுமார் 14,29,000 மீட்டர். கூகுள் மாதிரி வெப் மேப்புங்க பயன்படுத்தற வெப் மெர்க்கேட்டர்ல, 3857-ல, எக்ஸ் 88 லட்சத்து சொச்சம், ஒய் 14 லட்சத்து 50 ஆயிரம் கிட்ட. யாராவது சிஆர்எஸ், அதாவது இதுல எந்த அளவு முறைன்னு, சொல்லாமயே ஒரு ஃபைல தூக்கி போட்டாலும் லேயர் ப்ராப்பர்ட்டீஸ்ல இன்ஃபர்மேஷன் போய் எக்ஸ்டென்ட் நம்பர, அதாவது லேயரோட நாலு ஓரத்து நம்பர, பாத்தீங்கன்னா போதும், 79-ன்னு ஆரம்பிச்சு புள்ளி வந்தா டிகிரி, ஆறு இலக்கத்துல 2-ல இருந்து 3 லட்சம் பக்கம் வந்தா யூடிஎம், 88 லட்சம்னா வெப் மெர்க்கேட்டர். நம்ம பக்கத்து டேட்டால முக்கால்வாசி இதுலயே அடங்கிடும்.

வேலூர் பனில போய் நிக்குது

தம்பி கேஸு. கூகுள் மேப்ல ஒரு இடத்த அழுத்தி காப்பி பண்ணா முதல்ல லேட்டிட்யூட் வரும், அப்புறம்தான் லாங்கிட்யூட். ஆனா கியூஜிஐஎஸ்ல எக்ஸ்ன்னா கிழக்கு மேற்கு, அதனால எக்ஸுக்கு லாங்கிட்யூட் போகணும், ஒய்க்கு லேட்டிட்யூட். "முதல் காலம் எக்ஸ், ரெண்டாவது காலம் ஒய்"ன்னு கண்ண மூடிட்டு குடுத்தா 79 டிகிரி வடக்கு, 13 டிகிரி கிழக்குல போய் விழும், அங்க இருக்கறது ஸ்வால்பார்ட், நார்வேயோட பனித் தீவுங்க. மே மாசம் வேலூர் வெயில்ல நின்னவனுக்கு இது ஒண்ணும் பெரிய தண்டனை இல்ல. சென்னைக்காரங்களுக்கு அந்தத் தீவும் கிடையாது, இன்னும் ஒரு டிகிரி மேல போய் கடல்லயே விழுவாங்க.

சிஎஸ்வி ஏத்தற இடத்துலயே எக்ஸ், ஒய் ஃபீல்ட மாத்தி குடுத்தா முடிஞ்சுது. ஏற்கெனவே லேயரா மாத்திட்டீங்கன்னா ப்ராசஸிங் டூல்பாக்ஸ்ல ஸ்வாப் எக்ஸ் அண்ட் ஒய்ன்னு தேடுங்க, ஒரே தட்டுல திரும்பிடும்.

கடல்ல போய் விழுது

எந்தக் கடல்ங்கறது முக்கியம்.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கால, கினி வளைகுடால, சைபர் டிகிரி சைபர் டிகிரில மொத்த ஊரும் ஒரே புள்ளியா குவிஞ்சு கிடந்தா டிகிரி டேட்டாவுக்கு வெப் மெர்க்கேட்டர்னு பேர் வெச்சிருக்கீங்க. 79 டிகிரிய அது 79 மீட்டர்னு எடுத்துக்குது, 12.92 டிகிரிய 12.92 மீட்டர்னு எடுத்துக்குது, சைபர்ல இருந்து ஒரு எண்பது மீட்டர் நடந்து அங்கயே நின்னுடுது. எல்லா புள்ளியும் ஊர்ல சரியா இருந்து ரெண்டே ரெண்டு மட்டும் அங்க போனா அது வேற, எக்ஸெல்ல அந்த ரோல சைபர்னு இருக்கும், போய் பாருங்க.

இலங்கைக்கும் கீழ தென்மேற்கால, பூமத்திய ரேகை மேல இந்தியப் பெருங்கடல்ல விழுந்தா டிகிரி டேட்டாவுக்கு யூடிஎம் 44-ன்னு பேர் வெச்சிருக்கீங்க. இது நானே பண்ண தப்பு. பாலாறு கரையோர கிணறுங்க லேயர் ஒண்ணு டிகிரில இருந்துச்சு, எனக்கு மீட்டர்ல வேணும், சரின்னு லேயர் மேல ரைட் கிளிக் பண்ணி செட் லேயர் சிஆர்எஸ் போய் 32644-ன்னு குடுத்துட்டு மீட்டரா மாறிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். கிணறெல்லாம் கடலுக்கு போயிடுச்சு. அரை நாள் கம்ப்யூட்டர திட்டிட்டு இருந்தேன், திட்டு வாங்க வேண்டியது நான்.

இந்த ஒரு விஷயத்த நல்லா வாங்கிக்கங்க, ஏன்னா வர்ற கேள்வில பாதி இங்கதான் சிக்குது. செட் சிஆர்எஸ்ங்கறது டப்பா மேல லேபிள் ஒட்டறது. சர்க்கரை டப்பா மேல உப்புன்னு எழுதி ஒட்டினா உள்ள இருக்கறது உப்பாயிடாது, குழம்புல போட்டாதான் தெரியும். லேயர்ல இருக்கற நம்பர் ஒண்ணு கூட மாறாது, அந்த நம்பர எப்படி படிக்கணுங்கறது மட்டும்தான் மாறும். நம்பரே மாறணும்னா எக்ஸ்போர்ட் போய் சேவ் ஃபீச்சர்ஸ் ஆஸ்ல புது சிஆர்எஸ் குடுத்து புது ஃபைலா எழுதணும், இல்லன்னா ரீப்ரொஜெக்ட் லேயர் டூல ஓட்டணும். லேபிளே தப்பா இருக்குன்னா செட், லேபிள் சரி ஆனா உங்களுக்கு வேற அளவுல வேணும்னா ரீப்ரொஜெக்ட். லேபிள் தப்பா இருக்கும்போதே ரீப்ரொஜெக்ட் பண்ணீங்கன்னா தப்பு உள்ளயே வெந்து போயிடும், அப்புறம் பிரிக்கறது கஷ்டம், ஒரிஜினல் ஃபைல் கிட்டதான் திரும்பி போகணும்.

அரபிக்கடல்ல, அதே லேட்டிட்யூட்ல நேரா மேற்கால ஒரு 650 கிலோமீட்டர் தள்ளி விழுந்தா அது ஜோன் தப்பு. யூடிஎம்ல உலகத்த 6 டிகிரி 6 டிகிரியா 60 துண்டு போட்டிருக்காங்க, 72-ல இருந்து 78 வரைக்கும் 43-வது ஜோன், 78-ல இருந்து 84 வரைக்கும் 44. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் எல்லாம் 44. கிருஷ்ணகிரி கூட 44-தான். ஓசூர் தாண்டறதுக்குள்ள 78 வந்துடும், ஓசூரும் பெங்களூரும் 43. பெங்களூர்ல எவனோ பண்ண டெம்ப்ளேட்ட அப்படியே வாங்கி நம்ம டேட்டாவ அதுல போட்டா 32643-ங்கற லேபிள் ஒட்டிக்கும், ஊரு 73 டிகிரில மெதக்கும். லேபிள 32644-ன்னு செட் பண்ணா போதும், இங்க ரீப்ரொஜெக்ட் பண்ணக் கூடாது.

எங்கயுமே இல்ல, ஜூம் டு லேயர் குடுத்தா வெள்ளையா இருக்கு, எக்ஸ்டென்ட்ல 2,97,000-ன்னு இருக்கு ஆனா சிஆர்எஸ் 4326-ன்னு காட்டுதா? மீட்டர் டேட்டாவுக்கு டிகிரி லேபிள். ரெண்டே முக்கால் லட்சம் டிகிரி, மூணு லட்சம் டிகிரி எல்லாம் பூமில கிடையாது. இதுக்கும் செட்தான்.

கோட்டை போளூர் பக்கம் போயிடுச்சு

ஊர் கிட்டத்தட்ட சரி, ஆனா தெக்கால ஒரு 40 கிலோமீட்டர் எறங்கி நிக்குது. சிஆர்எஸ்ஸ தொடாதீங்க, அது மேல தப்பு இல்ல. பழைய புத்தகத்துல, கெஜட்டியர்ல எல்லாம் வேலூருக்கு 12 டிகிரி 55 நிமிஷம்னு இருக்கும், நம்மாளு அத 12.55-ன்னு அடிச்சிடுவான். நிமிஷத்துக்கு அடிமானம் 60, நூறு இல்ல. 55-அ 60-ஆல வகுத்தா 0.9167, அதனால 12.9167. அதே மாதிரி 79 டிகிரி 8 நிமிஷம்ங்கறது 79.133, இத 79.08-ன்னு அடிச்சா மேற்காலயும் ஒரு 6 கிலோமீட்டர் போகும். ரெண்டும் சேந்தா கோட்டை அகழியோட போளூர் கிட்ட போய் உக்காந்துக்கும்.

இதுல பேஜாரு என்னன்னா எல்லா புள்ளியும் ஒரே அளவு தள்ளாது, நிமிஷம் 10-க்குள்ள இருந்தா கொஞ்சம் தள்ளும், 50-க்கு மேல இருந்தா நெறைய தள்ளும், அதனால மொத்தமா நகத்தி சரி பண்ண முடியாது. எக்ஸெல்ல டிகிரி, நிமிஷம், செகண்டுக்கு மூணு காலம் வெச்சு, நிமிஷத்த 60-ஆலயும் செகண்ட 3600-ஆலயும் வகுத்து கூட்டுங்க. தசம புள்ளிக்கு அப்புறம் 5 இலக்கம் வெச்சுக்கங்க, அது ஒரு மீட்டர் கிட்ட துல்லியம். ரெண்டே இலக்கம்னா ஒரு கிலோமீட்டர் அங்க இங்க ஆடும்.

எல்லாமே ஒரே பக்கம் நூறு எரநூறு மீட்டர் தள்ளி நிக்குது

ரோடு, ஏரி, மலை எல்லாம் வடிவம் சரியா இருக்கும், ஆனா மொத்த ஷீட்டும் யாரோ இழுத்து விட்ட மாதிரி நகந்து இருக்கும். ஸ்கேன் பண்ண பழைய டோப்போஷீட்ட, அதாவது சர்வே ஆஃப் இந்தியா மேப்ப, வெச்சு வேலை செஞ்சிருப்பீங்க. வேலூர் டவுன் வர்ற ஷீட்டு 57 பி பார் 1, பழைய ஒரு இன்ச் ஷீட்டோ 1:50,000 ஷீட்டோ எதுவா இருந்தாலும் அதே நம்பர்தான். (தமிழ்ல ரெண்டு பி-யும் ஒண்ணுதான், ஷீட்டு கேக்கும்போது இங்கிலீஷ்ல பதினாறாவது எழுத்துன்னு சொல்லுங்க, ரெண்டாவது எழுத்த எடுத்துட்டா சித்ரதுர்கா பக்கத்து ஷீட்டு வரும்.)

இந்த ஷீட்டுங்க எவரெஸ்ட் எலிப்சாய்ட் மேல, அதாவது பூமிய லேசா தட்டையான உருண்டைன்னு வெச்சு போட்ட ஒரு கணக்கு உருவத்து மேல, போட்டது. கதை பரங்கிமலைல ஆரம்பிக்குது, 1802-ல லாம்ப்டன் அங்க அடிக்கோடு அளந்து சங்கிலிய கீழ வெச்சாரு, அவருக்கு அப்புறம் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-ல பூமியோட உருவத்துக்கு ஒரு கணக்கு சொன்னாரு, இந்தியா மேல கச்சிதமா உக்கார்ற மாதிரி. அவரு கணக்குல பூமியோட பெரிய அரை அச்சு 63,77,276 மீட்டர். இப்ப ஜிபிஎஸ் பயன்படுத்தற டபிள்யூஜிஎஸ் 84-ல 63,78,137. உருவமும் வேற, ரெண்டோட மையமும் ஒரே எடத்துல இல்ல. அதனால ஷீட்டு ஓரத்துல இருக்கற 79 டிகிரி கோடும் உங்க போன் சொல்ற 79 டிகிரி கோடும் ஒரே கோடு கிடையாது. அந்தக் காலத்துல மலை உச்சில தியோடலைட்ட தூக்கிட்டு போய் பாத்து போட்டவங்கள குறை சொல்ல ஒண்ணும் இல்ல, தப்பு நாம 4326-ன்னு லேபிள் ஒட்டறதுல இருக்கு.

ஜியோரெஃபரன்ஸ் பண்ணும்போது, அதாவது ஸ்கேன் படத்த மேப்ல அதோட எடத்துல உக்கார வெக்கும்போது, ஷீட்டோட நாலு மூலைய டபிள்யூஜிஎஸ் 84-ன்னு குடுக்காம கல்யாண்பூர் 1975-ன்னு, 4146-ன்னு குடுத்துட்டு, அப்புறம் ரீப்ரொஜெக்ட் பண்ணுங்க. கியூஜிஐஎஸ் எந்த டிரான்ஸ்ஃபர்மேஷன்னு கேக்கும், இந்தியான்னு போட்டிருக்கறத எடுங்க. என் அனுபவத்துல இன்னும் நல்ல வழி, மூலைய விட்டுட்டு இப்பவும் மாறாம இருக்கற எடத்த பிடிக்கறது: பழைய ரயில்வே பாலம், கோயில் கோபுரம், கோட்டையோட மூலை. ஷீட்டுலயும் சாட்டிலைட் படத்துலயும் ஒரே எடத்த எட்டு பத்து குத்துங்க, நாலு பக்கமும் பரவலா இருக்கணும், எல்லாத்தையும் டவுனுக்குள்ளயே குத்திட்டு ஜவ்வாது மலை ஏன் நெளியுதுன்னு கேக்கக் கூடாது. 2005 மேப் பாலிசிக்கு அப்புறம் வந்த ஓப்பன் சீரிஸ் ஷீட்டுங்க டபிள்யூஜிஎஸ் 84, யூடிஎம்லயே வருது, அது கெடச்சா இந்தத் தலைவலியே இல்ல.

எஃப்எம்பி, அதாவது சர்வே நம்பர் வாரியா இருக்கற நில அளவை படத்த வெச்சு வேலை பண்றவங்களுக்கு ஒண்ணு, அதுல கோஆர்டினேட்டே கிடையாது, கல்லுக்கு கல்லு அளவுதான். பழைய படம் லிங்க் கணக்குல இருக்கும், ஒரு லிங்க் 20.12 சென்டிமீட்டர். அத மீட்டர்னு எடுத்துக்கிட்டா நெலம் நீளத்துல அஞ்சு மடங்கு ஆயிடும், பரப்புல இருபத்தஞ்சு மடங்கு. அப்படியே பத்திரம் ஆனா நல்லாதான் இருக்கும்.

நாலஞ்சு மீட்டர்தான் தள்ளுது

விட்டுடுங்க. போன் ஜிபிஎஸ்ஸே திறந்த வெளில அந்த அளவுக்கு ஆடும், பின்னாடி இருக்கற சாட்டிலைட் படமும் அதே அளவுக்கு ஆடும். இதுக்காக சிஆர்எஸ்ஸ மாத்தறது கொசுவுக்கு பயந்து ஊட்ட கொளுத்தற கதை.

எடம் சரி, ஆனா ஏக்கர் கணக்கு இடிக்குது

இதுதான் இருக்கறதுலயே மோசம், ஏன்னா கண்ணுக்கு தெரியாது. மேப் அழகா உக்காந்திருக்கும். நான் ஒருத்தருக்கு ஒரு ஏரிய டிஜிட்டைஸ் பண்ணி, அதாவது ஓரத்த மேப்ல வரைஞ்சு, பரப்பு குடுத்தேன், 210 ஏக்கர் சொச்சம்னு. அவரு பழைய ரெக்கார்ட எடுத்துட்டு வந்து "200-தானே இருக்கு, ஆக்கிரமிப்புதான் ஆகும், ஏரி எப்படிங்க வளரும்?"ன்னாரு. பதில் சொல்ல முடியல. வீட்டுக்கு வந்து பாத்தா லேயர் வெப் மெர்க்கேட்டர்ல இருக்கு.

மெர்க்கேட்டர் 1569-ல கப்பல்காரங்களுக்காக வந்த முறை, திசை கெடக் கூடாதுன்னு அளவ பலி குடுக்கும். பூமத்திய ரேகைல இருந்து வெலக வெலக எல்லாத்தையும் ஊதிப் பெருசாக்கும். கிரீன்லாந்து நம்ம நாட்ட விட சின்னது, அந்த மேப்ல பாத்தா எவனாவது நம்புவானா? வேலூர் லேட்டிட்யூட்ல நீளம் ரெண்டரை சதவீதம் கூடும், பரப்பு அஞ்சு சதவீதம் கூடும். 200 ஏக்கர் 210 ஆனது அப்படித்தான். அஞ்சு சதவீதம்ங்கறது ரொம்ப விஷமமான அளவு, அம்பது சதவீதம்னா யாரும் கண்டுபிடிச்சிடுவாங்க.

அதே லேயர் யூடிஎம் 44-ல இருந்தா நம்ம ஊருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 11 சென்டிமீட்டர் கிட்டதான் பிசகு, பட்டா அளவுக்கே போதும்னு சொல்லலாம். டிகிரில வெச்சு பரப்பு எடுத்தா ஒரு ஏக்கர் 0.0000003-ன்னு வரும், அது சதுர டிகிரி, அத ஏக்கரா மாத்த வழி தேடாதீங்க, ரீப்ரொஜெக்ட் பண்ணிட்டு வாங்க.

ஃபீல்ட் கால்குலேட்டர்ல ஒரு நுணுக்கம் இருக்கு. டாலர் குறி போட்ட ஏரியா ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்ல இருக்கற எலிப்சாய்ட வெச்சு கணக்கு போடும், அதனால லேயர் எந்த சிஆர்எஸ்ல இருந்தாலும் நெசத்துக்கு பக்கத்துல வரும். டாலர் இல்லாம ஜியாமெட்ரிய உள்ள குடுக்கற ஏரியா ஃபங்ஷன் லேயரோட சிஆர்எஸ்லயே தட்டையா கணக்கு போடும். ரெண்டையும் ஓட்டி பாருங்க, அஞ்சு சதவீதம் இடிச்சா காரணம் இப்ப உங்களுக்கே தெரியும். சதுர மீட்டர 4046.86-ஆல வகுத்தா ஏக்கர், 40.47-ஆல வகுத்தா சென்ட்.

500 மீட்டர் பஃபர் போட்டேன், உலகமே நெறைஞ்சிடுச்சு

பஃபர்ன்னா ஒரு எடத்த சுத்தி இவ்ளோ தூரம்னு வரையற எல்லை. லேயர் டிகிரில இருக்கு, நீங்க குடுத்தது 500 டிகிரி. பஃபர் டப்பால எண்ணுக்கு பக்கத்துலயே டிகிரீஸ்னு மஞ்சள் முக்கோணத்தோட போட்டிருக்கும், யாரும் பாக்கறது இல்ல. 32644-க்கு மாத்திட்டு போடுங்க.

ஏலகிரி முழுக்க செங்குத்தா வருது, உயரமும் கம்மியா காட்டுது

ஸ்லோப் எல்லா எடத்துலயும் 89, 90 டிகிரின்னு வந்தா அதே வியாதிதான், எஸ்ஆர்டிஎம் உயர டேட்டா கிடைமட்டத்துக்கு டிகிரி, உயரத்துக்கு மீட்டர். 30 மீட்டர் அகல கட்டத்த அது 0.0003-ன்னு பாக்குது, அதுல 5 மீட்டர் ஏறுனா செவுருதான். ராஸ்டர வார்ப் பண்ணி 32644-க்கு கொண்டு வாங்க, ரீசாம்ப்ளிங் பைலீனியர் குடுங்க.

உயரம் கம்மியா வர்றது வேற கதை. வேலூர் டவுன் கடல் மட்டத்துல இருந்து 216 மீட்டர், சில ஆப் 130 பக்கம் காட்டும். ஜிபிஎஸ் அளக்கறது எலிப்சாய்ட்ல இருந்து, நாம சொல்றது கடல் மட்டத்துல இருந்து, நம்ம பக்கம் ரெண்டுக்கும் நடுவுல எண்பது தொண்ணூறு மீட்டர் பள்ளம். உலகத்துலயே அந்தப் பள்ளம் ஆழமா இருக்கறது நமக்கு தெக்கால இந்தியப் பெருங்கடல்லதான், சுமார் 106 மீட்டர். சில ஆப் இத கழிச்சுட்டு காட்டும், சிலது அப்படியே காட்டும். டெம், அதாவது எஸ்ஆர்டிஎம் மாதிரி உயர டேட்டா, காட்டற உயரத்தோட போன் உயரத்த கலக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்ச ஒரு எடத்துல வெச்சு பாத்துக்கங்க.

மாவட்டம் ஜாயின் ஆகல

ப்ரொஜெக்ஷன் தப்பு இல்ல, வரலாறு. 1989-ல வட ஆற்காடு ரெண்டாச்சு, அப்புறம் 2019 நவம்பர்ல வேலூரே மூணாச்சு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனியா. 2011 சென்சஸ் டேபிள்ல வேலூர்ன்னா அரக்கோணத்துல இருந்து நாட்றம்பள்ளி வரைக்கும் எல்லாம் ஒண்ணு. புது எல்லை ஷேப்ஃபைலோட அத ஜாயின் பண்ணா ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வெறுமையா நிக்கும், வேலூருக்கு மட்டும் மூணு மாவட்டத்து ஜனத்தொகை ஏறிடும், பாக்கறவங்க வேலூர்ல இவ்ளோ நெரிசலான்னு கேப்பாங்க. தாலுகா அளவுல எறங்கி திரும்ப கூட்டறதுதான் வழி. அப்பவும் பேர வெச்சு ஜாயின் பண்ணாதீங்க, சிவகங்கைலயும் ஒரு திருப்பத்தூர் இருக்கு, அரசாங்கம் ஒவ்வொரு எடத்துக்கும் குடுத்திருக்கற எல்ஜிடி கோட வெச்சு பண்ணுங்க.

லேயர் பக்கத்துல கேள்விக்குறி, உள்ள தமிழ் எல்லாம் கோணல் மாணலா

வாட்ஸப்ல எஸ்ஹெச்பி ஃபைல மட்டும் அனுப்பியிருப்பாங்க. ஷேப்ஃபைல்ங்கறது ஒரு ஃபைல் இல்ல, ஒரு குடும்பம், எஸ்ஹெச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே எல்லாம் கூட வரணும், பிஆர்ஜே-லதான் சிஆர்எஸ் இருக்கு, அது வரலன்னா கேள்விக்குறி. மொத்தத்தையும் ஜிப் பண்ணி அனுப்ப சொல்லுங்க. ஊர் பேரு கோணலா வந்தா லேயர் ப்ராப்பர்ட்டீஸ்ல சோர்ஸ் போய் என்கோடிங்க யூடிஎஃப் 8-ன்னு மாத்துங்க. இனிமே எழுதும்போது ஜியோபேக்கேஜா எழுதிட்டா ஒரே ஃபைல், காலம் பேரு 10 எழுத்துல வெட்டுப்படாது, தமிழும் ஒழுங்கா நிக்கும்.

அப்புறம் தம்பி கேஸு. எக்ஸ் ஒய் திருப்பி போட்டதும் இருபதுல பதினெட்டு ஊருக்கு வந்துடுச்சு. ஒண்ணு கினி வளைகுடால, எக்ஸெல்ல லாங்கிட்யூடும் லேட்டிட்யூடும் ரெண்டும் சைபர்னு இருந்துச்சு. இன்னொண்ணு திருவண்ணாமலை மாவட்டத்துல போய் நின்னுச்சு, "இது நிமிஷம்ணா"ன்னு இந்த தடவ அவனே சொல்லிட்டான். இதெல்லாம் பாத்தும் வரலன்னா கேளுங்க, ஆனா மேப்ப போட்டோ எடுத்து அனுப்பி "இன்னா தப்புணா"ன்னு கேட்டா எனக்கும் தெரியாது. லேயரோட எக்ஸ்டென்ட் நம்பர் நாலும், லேபிள்ல என்ன சிஆர்எஸ் இருக்கு, எந்தப் பக்கம் எவ்ளோ தள்ளி நிக்குதுங்கறதும் அனுப்புங்க.